பூட்டின அறையும் ஒரு சீப்புப் பழமும்

+
நெல்லித்தோப்பு,
24.2.2025, திங்கள்

அன்புள்ள நிர்மலாவுக்கு,

அண்ணன் தேவதாஸ் எழுதறேன். நேத்து பூசை முடிஞ்சதிலேர்ந்து பதினோரு தடவை போன் போட்டேன். நீ என் நம்பரை அடைச்சு வெச்சிருக்கிறது பதினோராவது தடவைதான் புத்தியில உறைச்சுது. அதனால காகிதம். காரைக்கால் பஸ் கண்டக்டர் வெற்றிவேல் கையில கொடுத்தனுப்பறேன். கூட ஒரு சீப்பு ஏலக்கி வரும். கோவத்துல பழத்தைத் திருப்பி அனுப்பாதே, பஸ் சூட்டுல கெட்டுப்போகும்.

கோயில்ல நடந்தது உன் காதுக்கு வந்திருக்கும். எப்படி வந்துதோ தெரியாது, நான் நடந்தபடி சொல்லிடறேன். நேத்து அம்மாவோட ஆறாவது வருஷ நினைவுப் பூசை. சாமியார் பூசைக் கருத்துகளை வாசிச்சார். "இறந்துபோன அமிர்தவல்லியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, கேட்பவர் மகன் தேவதாஸ்." சரி. அடுத்த வரியே, "ஆஸ்பத்திரியில் இருக்கும் தேவதாஸின் தாயார் விரைவில் நலம்பெற." மொத்தக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்துது. பின் பெஞ்சுல ஒருத்தன், "இன்னாய்யா இது, புதைச்ச அம்மா எழுந்துட்டாங்களா?"ன்னான். நாலு பேர் சிரிச்சாங்க. உன் அண்ணி செல்வாம்பாள் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அழுதாளா சிரிச்சாளான்னு நான் இன்னும் கேக்கலை.

ஆஸ்பத்திரியில இருக்கிறது சின்னப்பொண்ணு. அப்பா நம்ம மூணு பேரையும் விட்டுட்டுப் போயி சாகிற வரைக்கும் யார் வீட்டுல இருந்தாரோ, அதே சின்னப்பொண்ணு.

பத்து நாளைக்கு முன்னால மார்க்கெட் பஸ் நிறுத்தத்துல விழுந்துட்டாங்க. நான் லாரியிலேர்ந்து வாழைத்தார் இறக்கிட்டிருந்தேன். கூட்டத்தை விலக்கிப் பார்த்தா அந்த முகம். ஆட்டோவுல ஏத்தி கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இடுப்பு எலும்பு முறிவு. சேர்க்கிற இடத்துல, "நீங்க என்ன உறவு?"ன்னு கேட்டாங்க. பின்னால இருபது பேர் நிக்கிறாங்க. எங்கப்பா வெச்சிருந்தவங்கன்னா சொல்றது? மகன்னு சொல்லிட்டேன். சீட்டுல அப்படியே ஏறிடுச்சு. அந்தச் சீட்டைத்தான் கோயில் ஆபீசுல காட்டி ஒரு பூசைக்குச் சொன்னேன். எழுதறவர் பார்த்து எழுதிட்டார்.

ஆபரேஷன் ஆச்சு. மார்ச் எட்டாம் தேதி வீட்டுக்கு அனுப்பறாங்க. அந்தம்மாவுக்குப் போக்கிடம் இல்லை. அவங்க அண்ணன் மகனுங்க ஒரு நாள் வந்து கட்டில் பக்கத்துல நின்னுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போனவங்கதான். நம்ம வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படி. கீழே மண்டி, பழுக்க வைக்கிற அறை, அதை விட்டா அம்மா அறை. அதை நீ பூட்டி ஆறு வருஷமாச்சு. தார் வெட்டற கத்தியால அந்தப் பூட்டை நான் ரெண்டு நிமிஷத்துல நெம்பிடுவேன். நெம்ப மாட்டேன். சாவியை வெற்றிவேல்கிட்ட கொடுத்தனுப்பு.

அண்ணன்,
தேவதாஸ்

*

காரைக்கால்,
27.2.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழத்தை ஆசிரியர் அறையில் வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை.

எழுதியவர் சீட்டைப் பார்த்து எழுதிவிட்டதாகச் சொல்கிறாய். அவர் என்ன செய்வார்? உன் நாக்கு சொன்னதை எழுதினார். நாற்பத்தெட்டு வயதிலேயே எழுபது வயதுக்காரி போலக் கூன் விழுந்தவளை நாம் அம்மா என்று கூப்பிட்டோம். கான்வென்ட் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கை வெடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டும்போது அந்த வெடிப்பில் சாம்பல் தெரியும். அதை நீயும் பார்த்தாய். அவளுடைய நினைவு நாளில், அவளுக்கான பூசையிலேயே, இன்னொருத்தியைத் தாயார் என்று ஊர் கேட்க வாசிக்க வைத்துவிட்டாய்.

அந்த அறையில் அம்மாவின் கட்டில் இருக்கிறது. அவள் புடவைகள் இருக்கின்றன. அந்தக் கட்டிலில் மோர்க்காரியைப் படுக்க வைக்க என்னிடமே சாவி கேட்கிறாய். மில் வாசலில் மோர் விற்றுக்கொண்டு நின்றவள், குடிக்க வந்தவரின் குடும்பத்தையே குடித்துவிட்டுப் போனவள்.

நீ இலாபமில்லாமல் எதிலும் கை வைக்கிறவன் இல்லை. பங்குப் பேரவைக்கு நிற்கப் போகிறாயா? "பகைவரையும் நேசித்த தேவதாஸ்" என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்ல வேண்டுமா?

முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. விசாரி. சாவி வராது.

நிர்மலா

*

+
நெல்லித்தோப்பு,
3.3.2025

நிர்மலாவுக்கு,

பங்குப் பேரவையில எனக்கு என்ன வேலை? திருவிழா வந்தா மைக் செட்டுக்காரன்கிட்ட வாடகை பேசறதுக்கு மட்டும்தான் என்னைத் தேடுவாங்க. அந்தப் பதவி ஏற்கெனவே என்கிட்டதான் இருக்கு.

முதியோர் இல்லம் ரெண்டு போய்ப் பார்த்தேன். ஒண்ணுல, தானா எழுந்து நடக்கிறவங்களைத்தான் சேர்ப்போம்னாங்க. இன்னொண்ணுல ஈஸ்டர் கழிச்சுத்தான் இடம். எட்டாம் தேதிக்கும் ஈஸ்டருக்கும் நடுவுல ஆறு வாரம். ஆறு வாரம் ஒரு பொம்பளையை நடுரோட்டுல வெச்சிருக்க முடியாது.

நீ ஞாயித்துக்கிழமைதோறும் பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தர்ற. எனக்கு அதெல்லாம் வராது. எனக்குத் தெரிஞ்சது வாழைக்காய். அதை வெச்சே சொல்றேன்.

காயைப் பழுக்க வைக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கல் வெக்கிறது. கார்பைடு கல்லை ஒரு பொட்டலம் தாருக்கு நடுவுல சொருகினா ஒரே நாள்ல தோல் பளபளன்னு மஞ்சளாயிடும். உரிச்சுக் கடிச்சா உள்ளே சப்புன்னு காயாவே இருக்கும். சட்டப்படியும் தப்பு. என் மண்டியில அது கிடையாது. ரெண்டாவது வழியில, நல்லாப் பழுத்த ஒரு சீப்பைப் பச்சைத் தாருங்களுக்கு நடுவுல வெச்சு அறையை மூடிடணும். அவ்வளவுதான். அந்தச் சீப்பு மத்த காயைக் கூப்பிட்டு எதுவும் சொல்றதில்லை. அது மூச்சு விடுது. அந்த மூச்சு பட்டுப் பட்டு மூணாம் நாள் அறை மொத்தமும் மணக்கும். ஏலக்கி பக்கத்துல இருக்கே, நான் பூவன் ஆச்சேன்னு எந்தக் காயும் பார்க்காது. ஆனா ஒண்ணு, கிட்ட இருக்கணும். கதவுக்கு வெளியில வெச்ச பழத்தால உள்ளே ஒரு காயும் பழுக்காது.

அன்புன்னு நம்ம வேதத்துல சொல்றது இதுதான்னு நான் நினைக்கிறேன். அதனாலதான் கேக்கிறேன். நீ பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்ற அன்பு எந்த வழியில பழுத்தது? கோவிச்சுக்காதே. எனக்குக் கல் வெச்ச வாசனை அடிக்குது.

என் லாபம் என்னன்னு கேட்ட. சொல்லிடறேன். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை, செல்வாம்பாளுக்கும் தெரியாது. அப்பா போன பிறகு ரெண்டு வருஷம், பள்ளிக்கூடம் விட்டதும் நான் முதலியார்பேட்டை சந்துல இருந்த சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போவேன். அவங்க எனக்குச் சோறு போடுவாங்க. அம்மா வெறும் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்த நாள்லயும் நான் அங்கே வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்து, பசிக்கலைம்மான்னு சொல்லியிருக்கேன். என் தட்டை அம்மா உன் பக்கம் தள்ளுவாங்க. நான் நல்லவன்னு நீ நினைச்சிருப்ப.

அவங்க என்னை வெறுத்திருக்கலாம், வெறுக்கலை. எனக்குள்ள ஏதாவது பழுத்திருந்தா அதுக்கு அம்மா மட்டும் காரணம் இல்லை.

சாவி அனுப்பு. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு.

தேவதாஸ்

*

காரைக்கால்,
7.3.2025

அண்ணனுக்கு,

சாம்பல் புதன் பூசைக்குப் போகும் வழியில் உன் கடிதத்தைப் படித்தேன். நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்டு, பூசை முடியும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழுத்த சீப்பு மற்றதைப் பழுக்க வைக்கும் என்கிறாய். அழுகின தார் ஒன்று உள்ளே போனால் மொத்த அறையும் நாசம் என்று நீயேதான் ஒரு வருஷம் லாரி நிறையக் குப்பையில் கொட்டினாய். அதை எழுத மறந்துவிட்டாய். போகட்டும்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது வயது. முதன்முதலாக நன்மை அப்பம் வாங்கிய புதுநன்மை நாள். கான்வென்ட் சிஸ்டர் கொடுத்த வெள்ளைக் கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. பூசை முடிந்ததும் அம்மா பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அப்பா என்னை அந்த உடுப்பில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாருக்கும் சொல்லாமல் முதலியார்பேட்டைக்கு நடந்தே போனேன். வழி கேட்டுக் கேட்டுப் போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இங்க யாரும் இல்ல, போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

படியில் அப்பாவின் செருப்பு இருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடியும் இருந்தது. ரப்பர் செருப்பு. இடது கால் வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கைக் குத்தியவள் நான். அதற்கு முதல் நாள் இரவு, அண்ணன் வெறுங்காலோடு கோயிலுக்கு வரக்கூடாதே என்று என் ஜாக்கெட் ஊக்கைக் கழற்றிக் குத்தினேன்.

நீ உள்ளே இருந்தாய்.

ஒருநாள் நீயாகச் சொல்வாய் என்று நாற்பத்தாறு வருஷம் காத்திருந்தேன். இந்த வாரம் பாதி சொல்லியிருக்கிறாய். சோறு சாப்பிட்டதைச் சொன்னாய். அந்த நாளைச் சொல்லவில்லை. நான் வந்தது உனக்குத் தெரியுமா? என் குரல் கேட்டதா?

சாவியைப் பற்றி இனி எழுதாதே. இதற்குப் பதில் எழுது.

நிர்மலா

*

+
நெல்லித்தோப்பு,
16.3.2025, ஞாயிறு

நிர்மலா,

ஒன்பது நாளா எழுதிக் கிழிச்சேன். இப்ப எழுதறதைக் கிழிக்கப் போறதில்லை.

கேட்டுது. "எங்கப்பா இருக்காரா?"ன்னு நீ கேட்டது கேட்டுது. வாயில சோறு இருந்துது. அன்னிக்குக் கருவாட்டுக் குழம்பு. நான் எழுந்திருக்கலை. அப்பாவும் எழுந்திருக்கலை. அவர் என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். கதவு சாத்தின சத்தம் கேட்டதும் அப்பாடான்னு இருந்துது. அதுதான் உண்மை. நான் வெளியே வந்திருந்தா, நான் அங்கே சாப்பிடறது உனக்குத் தெரிஞ்சிருக்கும், உன் மூலமா அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும். பதினாலு வயசுப் பையன், பயந்துட்டான்னு சொல்லலாம். அறுபது வயசு வரைக்கும் அதே பயம்னு சொன்னா யார் நம்புவாங்க? திரும்பிப் போகும்போது நீ அந்த ஊக்கைப் பார்த்துட்டுப் போயிருக்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தச் செருப்பை நான் மறுபடியும் போட்டிருக்க மாட்டேன்.

மன்னிச்சுடுன்னு எழுதினா ஒரு வரியில முடிஞ்சுடும். அதனால எழுதலை.

அந்தம்மாகிட்ட கேட்டேன். ஒளிச்சு மறைச்சுக் கேக்கலை. "வெள்ளைக் கவுன் போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு வந்துது, கதவைச் சாத்துனீங்களே, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன். போர்வை ஓரத்தை இழுத்து விட்டுக்கிட்டாங்க. அப்புறம், "இருக்கு. உங்கப்பன் அந்தப் பொண்ணைப் பார்த்தா எழுந்து போயிடுவான்னு தோணுச்சு, சாத்திட்டேன்"னாங்க. "உன்னை மட்டும் விட்டேன், நீ சாப்பிட்டுட்டு வாயை மூடிக்கிட்டுப் போயிடுவே"ன்னும் சொன்னாங்க. அழலை. மன்னிப்பும் கேக்கலை. நானும் கேளுன்னு சொல்லலை. அன்னிக்கு ராத்திரி வெச்ச கஞ்சி மட்டும் அப்படியே இருந்துது.

எட்டாம் தேதி கூட்டிட்டு வந்துட்டேன். மண்டியில, தராசு மேடைக்குப் பின்னால ஒரு நாடாக் கட்டில். செல்வாம்பாள் படி இறங்கி வந்து குளிப்பாட்டறா. மூட்டுவலியோட முனகிக்கிட்டேதான் செய்யறா. சரக்கு எடுக்க வர்ற கடைக்காரனுங்க, "இன்னா மண்டிக்காரரே, இதுவும் இன்னிக்கு வந்த சரக்கா?"ன்னு கேக்கிறானுங்க. சிரிச்சுட்டு விடறேன். வெயில் ஏறினா தகரக் கூரை கொதிக்குது. அவங்க ஒண்ணும் கேக்கிறதில்லை. நெத்தியில தினமும் குங்குமம் மட்டும் கேக்கிறாங்க. வாங்கிக் கொடுத்திருக்கேன்.

அழுகின தாரைப் பத்தி எழுதியிருந்த. நீ சொன்னது சரிதான். இன்னொண்ணும் இருக்கு, அதை நான் எழுதாம விட்டுட்டேன். லாரியிலேர்ந்து இறக்கும்போது கீழே விழுந்து அடிபட்ட தார் இருக்கு பார், அதுதான் அறையில முதல்ல பழுக்கும். பக்கத்துல இருக்கிறதையும் அதுதான் சீக்கிரமாப் பழுக்க வைக்கும். நாற்பது வருஷமாப் பார்க்கிறேன். ஆனா அதைக் கவனிச்சு எடுக்கணும். அடிபட்டதுதானேன்னு மூலையில போட்டுட்டா அதுதான் முதல்ல அழுகும். கல் வெச்ச வாசனைன்னு உன்னைப் பார்த்து எழுதினேனே, அது தப்பு. இந்த வீட்டுல அடிபட்டது நீ. மூலையில போட்டது நான்.

சாவி கேக்கலை.

தேவதாஸ்

*

காரைக்கால்,
30.3.2025

அண்ணா,

நேற்று நான் நெல்லித்தோப்புக்கு வந்திருந்தேன். நீ மருந்து வாங்கக் கோரிமேட்டுக்குப் போயிருந்தாய் என்று அண்ணி சொன்னார்கள். நீ இல்லாத நேரம் பார்த்து நான் வரவில்லை. ஆனால் நீ இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வந்தேன். பஸ்ஸில் வரும்போதே வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். மண்டிக்குள் வந்தால், தார்களுக்கு நடுவே ஒரு சின்ன உருவம். கண்ணில் புரை. கால் பக்கம் ஈ மொய்த்தது. என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரிக்காரி போலவே நடந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. முதுகைத் திருப்பிப் பார்த்தேன். படுக்கைப் புண் தொடங்கியிருக்கிறது. உனக்குத் தெரியாதா? தெரியாது, நீ ஆண்பிள்ளை, பார்த்திருக்க மாட்டாய். அண்ணியிடம் வெந்நீர் கேட்டுத் துடைத்தேன். வெயில் கொதித்தது. அந்த இடத்தில் இன்னும் ஒரு நாள் இருந்தாலும் புண் ஆழமாகும். சாவி பையில் இருந்தது. எடுத்தேன். துரு ஏறித் திறக்கவில்லை, தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தேன். அம்மாவின் புடவைகளைப் பீரோவில் வைத்தேன். அண்ணியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

பேசிக்கொண்டே இருந்தாள். "இந்த வீட்டுக்காரன் என் மகன் மாதிரி. அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கா, டீச்சரு." வருவாளா என்று கேட்டேன். "வரக் கூடாது. வந்தா நான் எந்த மூஞ்சியோட பார்ப்பேன்?" என்றாள். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன்னையும் இல்லை. உன்னோடு போட வேண்டிய சண்டை அப்படியே இருக்கிறது, அதை நேரில்தான் போட வேண்டும். பிள்ளைகளுக்கு இன்று, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப்போன நல்ல சமாரியன் பாடம் எடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டு ஜெபம் சொல்ல வைத்தேன்.

ஒரு பக்கமாகவே படுக்க விடாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். சனிக்கிழமை மறுபடி வருகிறேன். அன்றைக்கு நான் யார் என்று நானே சொல்வேன். அதுவரை நீ வாயைத் திறக்காதே.

நிர்மலா

*

+
நெல்லித்தோப்பு,
2.4.2025, புதன்

நிர்மலா,

இதை எழுதக் கூடாது. சத்தியம் பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன். இப்ப மீறறேன்.

நீ யாருன்னு அவங்களுக்குத் தெரியும். நீ உள்ளே வந்ததுமே தெரிஞ்சுடுச்சாம். "கண்ணு மங்கலா இருந்தா என்ன, நடை உங்கப்பன் நடை. நெஞ்சை முன்னால விட்டுக்கிட்டுத்தான் வந்துது"ன்னாங்க. பயத்துல ஆஸ்பத்திரியான்னு கேட்டிருக்காங்க. நீ ஆமான்னதும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. தங்கச்சி வரக் கூடாதுன்னு சொன்னது உன்கிட்டேயேதான், தெரிஞ்சேதான் சொன்னாங்க. நீ போன பிறகு செல்வாம்பாள்கிட்ட, "அந்தப் பொண்ணு கை சூடா இருக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. என்கிட்ட அப்புறம், "அது சொல்ற வரைக்கும் நான் தெரியாத மாதிரியே இருக்கேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் அது என்னைத் தொடாது. நீ காட்டிக்கொடுத்துடாதே"ன்னாங்க.

காட்டிக்கொடுத்துட்டேன். அன்னிக்கு அப்பாவும், அவங்களும், நானும் ஆளுக்கொரு பக்கம் தெரியாத மாதிரி இருந்ததுலதான் நாற்பத்தாறு வருஷம் போச்சு. இப்ப மறுபடியும் நீயும் அவங்களும் நடிச்சுக்கிட்டு, நடுவுல நான் ரெண்டு பேருக்கும் வாய் மூடிக்கிட்டு நிக்க முடியாது. எனக்கு அதுல ரொம்பப் பழக்கம், அதனாலதான் பயமா இருக்கு.

இனி உன் இஷ்டம். அவங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்ச பிறகும் வர்றியா, வரலையா. வரலைன்னா உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நீ சொன்னபடி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பறோம். புண் வத்துது.

வர்றதா இருந்தா சனிக்கிழமை காலையில ஆறே கால் பஸ்ஸைப் பிடி, அது கூட்டமா இருக்காது. மண்டியை அன்னிக்கு வேற ஆள் பார்த்துப்பான். நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். சண்டையை வழியிலேயே ஆரம்பிச்சுடு, நடந்தே வரலாம், அரை மணி கிடைக்கும். வாசல் வந்ததும் நீ முன்னால போ. நான் உன் கூடவே உள்ளே வர்றேன்.

தேவதாஸ்